பிசிடி இல்லாமல் 5 மீட்டர்: டைவ்மாஸ்டர் தேர்வுக்குப் படித்தபோது கற்றது

டைவ்மாஸ்டர் என்பது ஸ்கூபா டைவிங்கில் தொழில்முறைத் தகுதி. அதன் மாதிரித் தேர்வில் நான் தவறவிட்ட கேள்வி இது: கீழே இறங்கும்போது காற்றின் கொள்ளளவு எந்தப் பகுதியில் அதிகமாக மாறும்? 20-லிருந்து 30 மீட்டர் வரை என்று எழுதியிருந்தேன். சரியான விடை, நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் வரை. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முதல் 10 மீட்டரில் ஒன்று இரண்டாகி, ஒரு லிட்டர் காற்று அரை லிட்டராகச் சுருங்கிவிடும். 20-லிருந்து 30-க்குப் போனால் மூன்று நான்காகிறது, அவ்வளவே.

அதே வாரம்தான் நானும் உடன் படித்த நண்பரும் பிசிடி (காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் உடுப்பு) இல்லாமல், பேக்பிளேட்டில் (முதுகில் மாட்டும் தகடு) சிலிண்டரை மட்டும் கட்டிக்கொண்டு இறங்க ஆசைப்பட்டோம். 1943-ல் கூஸ்தோவும் காக்னனும் அக்வாலங் என்ற நீருக்கடி சுவாசக் கருவியை உருவாக்கியபோது பிசிடி ஏது? ஆழமும் 5 மீட்டர்தான். பயிற்றுநர் மறுக்கவில்லை. "முதல்ல கணக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) என்றால் 2,200 லிட்டர் காற்று. லிட்டருக்குச் சுமார் 1.2 கிராம். சிலிண்டர் அழுத்தம் 50 பாராகக் குறைவதற்குள் ஏறக்குறைய 2 கிலோ காற்றை மூச்சாக விட்டிருப்போம். முடிவில் மிதந்துவிடாதபடி இடுப்பு பெல்ட்டில் ஈய எடை கட்டினால் தொடக்கத்தில் 2 கிலோ கனமாக இருப்போம். பிசிடி இருந்தால் பட்டனை அழுத்திச் சரிசெய்யலாம். இல்லாதபோது நுரையீரல்தான் பிசிடி. ஒரு லிட்டர் காற்றை அதிகமாக உள்ளே வைத்தால் ஒரு கிலோ தூக்கும். மிதப்புக்காக மூச்சைப் பிடிக்கும் பழக்கம் இங்கேதான் ஒட்டிக்கொள்ளும். மூச்சைப் பிடித்தபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலேறினாலே நுரையீரல் கிழியலாம். எனக்கு மிகவும் பயம் தந்த இடம் இதுதான்.

விடை சிறிய சிலிண்டரில் இருந்தது. 5 லிட்டர், 200 பார் எடுத்தால் 50 பார் வரை எடை மாற்றம் 900 கிராம்தான். 5 மீட்டரில், மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அது 25 நிமிடம் வரும். வெட்சூட் (குளிர் தாங்கும் நியோப்ரீன் ரப்பர் உடை) மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த நியோப்ரீன் கீழே அமுங்கி மிதப்பை இழக்கும், மேலே வரும்போது திரும்பப் பெறும். அதைச் சமன்செய்ய இந்த அமைப்பில் எதுவுமே இல்லை.

பயிற்சிக் குளத்தில் நீருக்கடியில் எல்லாம் நன்றாகவே போனது. சிக்கல் மேலே வந்த பிறகுதான். நண்பரின் முகவாய் வரை தண்ணீர். காலில் மாட்டிய துடுப்பை அசைப்பதை நிறுத்தினால் வாய் மூழ்குகிறது. பேசுவதற்காக ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க வாயில் வைக்கும் கருவி) எடுத்தவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து இருமினார். பக்கத்தில் முழு அமைப்புடன் மிதந்த பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெல்ட்டைக் கழட்டு" என்றார். கழற்றியும் பெரிதாக உயரவில்லை, ஏனென்றால் எடையில் பாதி எஃகு பேக்பிளேட்டில் இருந்தது, அதைக் கழற்றிப் போட முடியாது. அன்றிலிருந்து நான் எஃகுத் தகட்டைத் தொடவில்லை. எடை முழுவதும் ஒரே இழுப்பில் விழும் பெல்ட்டில் இருக்க வேண்டும், அது விழுந்தபின் தலை தானாக வெளியே நிற்க வேண்டும். எதையாவது பிடிக்கும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். கயிற்றில் ஒரு மிதவை கூடவே வரட்டும்.

தேர்வில் வரும் இன்னொன்று: கடல்நீர் லிட்டருக்கு 1.03 கிலோ, நன்னீர் 1. கருவிகளோடு 100 கிலோ இருப்பவருக்கு வித்தியாசம் ஏறக்குறைய 3 கிலோ. கடலுக்குக் கட்டிய ஈயத்தோடு குளத்தில் பிசிடி இல்லாமல் இறங்கினால் அந்த 3 கிலோவைத் துடுப்பால்தான் தூக்க வேண்டும். எந்த நீரில் இறங்குகிறோமோ அங்கேயே, 50 பார் உள்ள சிலிண்டரோடு எடையைச் சோதித்துவிடுங்கள்.