குளிரே இல்லை என்பவர்கள்

முதியவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குளிர்காலம் நெருங்கும்போது "குளிருதாம்மா?" என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ உட்காரு" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. வயது ஏற ஏறத் தோலுக்கடியில் கொழுப்பு குறைகிறது. நடுக்கம் எடுக்கவே நேரமாகிறது. தைராய்டு குறைவோ தூக்க மாத்திரையோ இருந்தால் இன்னும் மோசம். நீரிழிவுக்காரர்களில் சிலருக்குக் கால் மரத்தே போயிருக்கும்.

அதனால் தொட்டுப் பார்க்கிறேன். கையை அல்ல, கை யாருக்கும் சில்லென்றுதான் இருக்கும். சட்டையைச் சரிசெய்கிற சாக்கில் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். அங்கேயும் சில்லிட்டிருந்தால் சும்மா விடக்கூடாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் பல, அவ்வளவு கீழே சரியாகக் காட்டுவதில்லை. நாக்குக் குழறல், தள்ளாட்டம், காரணமில்லாத சிடுசிடுப்பு எல்லாம் குளிரின் வேலையாக இருக்கலாம். "வயசாச்சுல்ல" என்று வீட்டார் கடந்துபோய்விடுவார்கள். தினமும் தானே பொத்தான் போட்டுக்கொள்பவர் இன்றைக்கு அதோடு மல்லுக்கட்டினால், நான் முதலில் பார்ப்பது அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான்.

சுவரில் ஒரு வெப்பமானி மாட்டச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்கிறது. முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். மருத்துவத்தைவிட இதில் இன்னொரு லாபம் உண்டு. மகள் ஸ்வெட்டர் போடச் சொன்னால் சண்டை வரும். சுவரில் பதினைந்து என்று காட்டினால் முனகிக்கொண்டே போட்டுக்கொள்வார்கள்.

ஹீட்டர் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. திரைச்சீலை, போர்வையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக்கூடாது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது அதைவிடக் கொடுமை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் குமட்டலும்தான் முதல் எச்சரிக்கை. வெந்நீர்ப் பை படுக்கையைச் சூடாக்கத்தான். படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும், மரத்த கால் வெந்தாலும் வலிக்காது. ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதை முன்கூட்டியே முடித்துவிடச் சொல்வேன்.

இவ்வளவும் செய்த பிறகும் காரியம் கெடுவது பெரும்பாலும் ராத்திரி பாத்ரூம் விஷயத்தில்தான். குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். எழுந்து போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காதவர்கள் நிறையப் பேர். சாக்ஸ் போட்டால் வழுக்கும் என்று கழற்றிவிடுவார்கள். ஒரு பெரியவர் நல்ல கனமான கம்பளியை மடித்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு, ஒரு மெல்லிய துணியைப் போர்த்திப் படுத்திருந்தார். கேட்டால், "அவசரத்துக்கு அதைத் தள்ளிட்டு எந்திரிக்க முடியலம்மா" என்றார். லேசான போர்வை இரண்டாக மாற்றினோம். நடுவில் காற்று நிற்பதால் கதகதப்பும் குறையவில்லை. ரப்பர் பிடிப்புள்ள சாக்ஸ், கட்டிலிலிருந்து கதவுவரை இரவு விளக்கு என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி போடலாம் என்றதும்தான் முகம் மாறியது. "படுக்கிற இடத்துலயா?" என்று அன்று முழுக்கப் பேசவில்லை. பிறகு, மூடினால் சாதாரண நாற்காலி போலத் தெரிகிற ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டோம். பகலில் அதன்மேல் செய்தித்தாள்களை அடுக்கிவைக்கிறார். ராத்திரி பயன்படுத்துகிறாரா என்று நான் அவரைக் கேட்பதில்லை. காலையில் கழுவி வைக்கிற மருமகள் சொல்லிவிடுகிறார்.