எட்டுச் சக்கர ஃபோடன்: மூன்றாவது வாரம்

நான் புதுப்பித்துக்கொண்டிருக்கும் பழைய பொம்மை லாரி இப்போதுதான் லாரி மாதிரி தெரிகிறது. டிங்கி டாய்ஸ் என்ற பிரிட்டிஷ் உலோகப் பொம்மை பிராண்ட் 1947-ல் கொண்டுவந்த வண்டி, ஃபோடன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எட்டுச் சக்கர லாரியின் சின்ன வடிவம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். என்னிடம் வந்தபோது, வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் நீல பெயிண்ட் அப்பிக் கிடந்தது.

பெயிண்ட் ரிமூவர் இரண்டு தடவை, பிறகு பழைய டூத்பிரஷ். நீலம் உரிந்ததும் அடியில் மங்கிய பச்சை. ரேடியேட்டரின் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் வார்ப்பு அப்படியே இருக்கிறது. அடித்தகட்டில் 'இங்கிலாந்தில் செய்யப்பட்டது' என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

அச்சுகளின் முனையை அரத்தால் ராவி வெளியே தள்ளினேன். டயர்கள் கல்லாக இறுகிவிட்டன. புதிதாக எட்டு கேட்டிருந்தேன், ஏழுதான் வந்தது. மழை நாளில் ஸ்ப்ரே அடித்தது என் தவறு. ஈரத்தில் கேபின் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரிலிருந்து மறுபடி.

எட்டாவது டயருக்குக் காத்திருந்த நாட்களில் ஃபோடனின் கதையைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் செஷயரில் சான்ட்பாச் என்ற சின்ன ஊர். அங்கே ஸ்டீம் லாரியால் பேர் வாங்கிய குடும்பம். இனி டீசல்தான் என்று நம்பிய எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் கம்பெனியை விட்டு விலகி, மகன் டென்னிஸோடு 1933-ல் கார்ட்னர் டீசல் என்ஜின் வைத்துத் தன் முதல் லாரியை ஓட்டிக் காட்டினார். அதன் சேசிஸ் எண் 63. அப்போது அவருடைய வயதும் அதுவே! அவருடைய பெயரின் முதலெழுத்துகளான ஈ.ஆர்.எஃப்-தான் புதுக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியும் அதே சான்ட்பாச்சில்தான். ஒரே ஊரில், ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு லாரி கம்பெனிகள்.

இரண்டு கம்பெனிகளும் லாரியை நன்றாகத்தான் செய்தன. ஆனால் கார்ட்னர் என்ஜினுக்கு எப்போதும் க்யூ, அதனால் லாரிக்கும் காத்திருப்பு. 1967-ல் ஸ்வீடனின் வோல்வோ எஃப்86 லாரி பிரிட்டனுக்கு வந்தது. ஓட்டுநருக்கு வசதியான இருக்கை, குளிர் தாங்கும் கேபின், காத்திருக்காமல் டெலிவரி. ஓட்டுநர் நாளெல்லாம் உட்காரும் இடத்தை பிரிட்டிஷ் கம்பெனிகள் ரொம்பக் காலம் பொருட்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

டிங்கி வண்டிகள் பிறந்த லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979-ல் மூடியது. அடுத்த ஆண்டே ஃபோடன் திவாலாகி, அமெரிக்காவின் பாக்கார் என்ற லாரி கம்பெனி கைக்குப் போனது. 2006-ல் கடைசி ஃபோடன் வெளியே வந்தது. ஜெர்மனியின் மான் (MAN) கம்பெனி வாங்கியிருந்த ஈ.ஆர்.எஃப் பெயரும் மறு வருடம் நின்றது. பொம்மை செய்தவர்களும் இல்லை, நிஜ லாரி செய்தவர்களும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். பச்சை இரண்டாம் பூச்சு காய்ந்துவிட்டது. நேற்று ராத்திரி ரேடியேட்டருக்கு வெள்ளி நிறம் அடித்தேன், மூன்று முடி பிரஷ்ஷால், கோடு கோடாக. அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஃபோடன் பித்தளை வாத்தியக் குழுவின் வாசிப்பு. 1900-ல் சான்ட்பாச்சில் தொடங்கிய அந்தக் குழு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

டயர் செவ்வாய்க்கிழமை வரும் என்றிருக்கிறார்கள்.