இடது ஷூ

"இடது ஷூ மேல மட்டும் என்னடி கறுப்பா?" என்று கேட்டாள் அம்மா.

பைக் கியர் லீவர் போட்ட தடம்.

முதல் கியருக்குக் கீழே மிதிக்க வேண்டும். மற்ற நான்கையும் ஷூ நுனியால் மேலே தூக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வெள்ளை கேன்வாஸ் அந்த இடத்தில் தேய்ந்தே போய்விட்டது.

ஸ்கூட்டி லைசென்ஸ் கியர் வண்டிக்குச் செல்லாது. அதனால் மறுபடி எட்டு போட்டேன். கிளட்சை விடும்போது எஞ்சின் சத்தம் லேசாக இறங்கும் அந்த நொடி பிடிபடுவதற்குள் எத்தனை தடவை ஆஃப் ஆனது! தரமணி சிக்னலில் கேட்ட ஹாரன்களைச் சொல்லவே வேண்டாம்.

இன்று சொந்த வண்டி. 160 சிசி. ஷோரூமில் சாவியைத் தம்பியிடம் நீட்டினார்கள். சரி, போகட்டும்.

எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா பின்னால் ஏறி என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"மெதுவா போடி!"

இன்னும் ஸ்டார்ட்டே பண்ணவில்லை.