வகுப்பில் இரண்டு நாள், வீட்டில் மூன்று நாள்

வாரத்தில் செவ்வாயும் வியாழனும் வகுப்பறை, மற்ற மூன்று நாளும் வீடு. இப்படி நடக்கும் கிறிஸ்தவப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் ஆசிரியரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் விசாரிக்கச் சொல்வது வீட்டு நாளுக்கான பாடத்தாளைப் பற்றி. அதை யார் எழுதுகிறார், எந்தக் கிழமை அனுப்புகிறார், அதில் என்னென்ன இருக்கும்? இந்த முறையின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்கு அடிப்படை பழையது. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற இடைக்கால ஐரோப்பிய வரிசையைப் பிள்ளைகளின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்திக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ். அது 1947இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய உரை. நம் மலேசியக் கணக்கில் ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டும் மனனம், இடைநிலைப் பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரை தர்க்கம், படிவம் 4, 5இல் எழுத்தும் பேச்சும். பெற்றோரின் வேலையும் இதோடு மாறுகிறது. ஆரம்பத்தில் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். படிவம் 1க்கு வந்ததும் வேலை முடிந்ததா என்று பார்த்தால் போதும். படிவம் 4இல் பிள்ளை தானே தன் வாரத்தைத் திட்டமிட வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையின் அருகிலும் உட்கார்ந்தே பழகியவர்கள் இந்த இடத்தில்தான் சிரமப்படுகிறார்கள்.

தாளுக்கு வருவோம். பாடம், பக்க எண், எத்தனை நிமிடம், பெற்றோர் செய்யவேண்டியது, அடுத்த வகுப்பில் ஒப்படைக்க வேண்டியது என ஐந்து கட்டங்கள் போதும். ஆனால் அதைக் கிழமை வாரியாகப் பிரித்திருக்க வேண்டும். 'செவ்வாய்க்குள் முடிக்கவும்' என்று மொத்தமாகக் கொடுத்தால் எல்லாம் திங்கள் இரவுக்குத் தள்ளிப்போகும். பிள்ளை அழும், அம்மா எழுதிக்கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தாள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சனி, ஞாயிறில்தான் அடுத்த வாரத்தை ஒழுங்குபடுத்த முடியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டு நாளில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பாடம் வேண்டாம்.

தவறுகளைப் பெற்றோர் அழித்துத் திருத்தி அனுப்பக் கூடாது. பென்சிலால் ஒரு கோடு போட்டு விடுங்கள். பக்கம் பளிச்சென்று வந்தால் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும், இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை பின்னத்தில் மாட்டிக்கொள்ளும். வகுப்புக்கு முன்பே அடுத்த பாடத்தை நடத்திவிடும் டியூஷன் பழக்கமும் இதே கெடுதலைச் செய்கிறது.

மனனத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். தினசரி என்று ஒரு பிரிவு, ஒற்றைநாள், இரட்டைநாள் என்று இரண்டு, கிழமைக்கு ஏழு, தேதிக்கு முப்பத்தொன்று, ஆக நாற்பத்தொரு பிரிவு. புதிய வசனம் எழுதிய அட்டை முதலில் தினசரிப் பிரிவில் இருக்கும். தடங்கலில்லாமல் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று பின்னால் நகரும். நாளுக்குப் பதினைந்து நிமிடம். முதலாம் சங்கீதம் ஆறே வசனம், தொடங்க ஏற்றது. வாய்பாடும் ஆத்திசூடியும் அதே பெட்டியில் போகலாம். ஆங்கிலம் படிக்காத பாட்டி வீட்டில் இருந்தால் இந்தப் பதினைந்து நிமிடத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். இதற்கு அவரைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

இந்த முறையில் நடக்கும் அமெரிக்கப் பள்ளிகள் லத்தீன் கற்பிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி. நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் தமிழே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டு வேற்றுமையும் பகுபத உறுப்புகளும் அந்த வேலையை முழுதாகச் செய்யும். 'நடந்தனன்' என்ற ஒரே சொல்லில் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி ஆறும் கிடைக்கின்றன. பதினோரு வயதில் இதைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை, படிவம் 4இல் தேம்பாவணியையோ கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையோ உரையின் துணையோடு வாசிக்கும். விசுவாசமும் செவ்வியல் தமிழும் கலந்த இப்படிப்பட்ட நூல்கள் கையில் இருக்கும்போது அவற்றை ஒதுக்கிவிட்டு லத்தீனுக்கு ஓடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

வரலாற்றுக் காலக்கோட்டிலும் கிரேக்கம், ரோம் மட்டும் போதாது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு, 1511இல் மலாக்கா வீழ்ந்தது, 1545இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தது, 1786இல் பினாங்கில் பிரான்சிஸ் லைட் இறங்கியது, எல்லாம் அதே சுவரில் இருக்க வேண்டும்.

இனிச் சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, 2003 முதல் மலேசியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமைச்சர் விலக்களிக்கலாம், அந்த அனுமதியை எழுத்தில் பெறாமல் பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தாதீர்கள். கற்றல் மையம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திருப்தியடையவும் வேண்டாம். என்னவாகப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சான்றிதழைக் கேட்டு வாசியுங்கள்.

தேர்வில் பலர் கோட்டைவிடுவது மலாய்மொழியில். ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுத் தேர்வை எழுதப் போகிறோம் என்று மலாயை வாரம் ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிடுகிறார்கள். பிறகு அரசுப் பல்கலைக்கழகமோ அரசு வேலையோ வேண்டும் என்னும்போது படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம்மின் மலாய்த் தாள் குறுக்கே நிற்கும். எஸ்பிஎம் சான்றிதழ் பெற 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும், அதுவும் மலாயில்தான். இரண்டையும் தனியார் தேர்வராக எழுதலாம். ஆனால் கட்டுரை எழுதும் அளவுக்கு மலாய் வர, வீட்டு நாட்களில் முதலாம் ஆண்டிலிருந்தே தினம் அரை மணி நேர வாசிப்பு தாளில் இருக்க வேண்டும். படிவம் 4இல் தொடங்கினால் எட்டாது.