பேஸ் வரிசையில் முதல் வருஷம்

தேவாலயப் பாடகர் குழுவின் குரல் தேர்வுக்குப் போனபோது டெனரில், அதாவது ஆண்களின் மேல்குரலில், சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கொயர் மாஸ்டர் பியானோவில் ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்றிக்கொண்டே போய், தொண்டை எங்கே இறுகுகிறது என்று பார்த்தார். அப்புறம் கீழே இறக்கினார். ஐந்தே நிமிடம். "நீங்க பேஸ்" என்றார். ஆண்களின் அடிக்குரல்.

கொஞ்சம் வருத்தம்தான். அதுவரை நான் பாடியதெல்லாம் மெட்டு. நான்கு குரல் இசையில் மெட்டு பெரும்பாலும் உச்சக் குரலான சோப்ரானோவுக்குப் போய்விடும். பேஸுக்கு மிஞ்சுவது அதைத் தாங்கும் அடிக்குரல். வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருக்கும். முதல் மாதம் ஒத்திகையில் என்னையறியாமல் மெட்டுக்குத் தாவிவிடுவேன், ஒரு ஸ்தாயி கீழே. பக்கத்தில் நின்ற மூத்தவர் முழங்கையால் இடிப்பார். தாளில் என் வரிக்கு அடியில் டோ, ரே, மி என்று பென்சிலால் எழுதிவைத்த பிறகுதான் கால் ஊன்றியது.

ஆளைக் கவிழ்த்தது பைபிளில் உள்ள சங்கீதம் என்ற துதிப்பாட்டு. ஆங்கிலிகன் சபையில் அதைப் பாடும் ஆங்கிலிகன் சாண்ட் முறையில் அதற்குத் தாளக்கட்டு கிடையாது. ஒரு வசனத்துக்கு ஒரு சுற்று வரும் சிங்கிள் சாண்ட் என்றால் ஒவ்வொரு குரலுக்கும் 10 ஸ்வரங்கள். வசனம் நீளமோ குட்டையோ, அதற்குள் அடங்க வேண்டும். முதல் ஸ்வரத்தில் நின்றபடி பேச்சு வேகத்தில் சொற்களைச் சொல்லிக்கொண்டே போய், கோடு போட்ட இடத்தில் மாற வேண்டும். நான் பாடினேன், மற்றவர்கள் பேசினார்கள். வித்தியாசம் புரியவே மூன்று மாதம் ஆனது: முதலில் சங்கீதத்தைச் சத்தமாக வாசி, பிறகு அதே வாசிப்பில் சுருதியைச் சேர்.

மூச்சு விஷயம் சுலபமாக வந்தது. நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் ஓட்டை விழும். அதனால் ஆளுக்கொரு இடத்தில் திருட்டு மூச்சு.

முதன்முதலாக ஒரு பெரிய கதீட்ரலில் மாலை ஆராதனைக்குப் பாடியபோது இன்னொரு பாடம். குழு இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கும். டெக்கானி என்ற பாதி ஒரு பக்கம், கேன்டோரிஸ் என்ற பாதி மறுபக்கம். ஆர்கன் குழல்களோ எங்கேயோ தூரத்தில். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி ஆர்கன் இருந்தால் பத்தில் ஒரு நொடி தாமதம். காதை நம்பிப் பாடிய நான் அந்தத் தாமதத்தோடு என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து, பேஸ் வரிசையையே பின்னால் இழுத்தேன். மாஸ்டர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "காதால ஸ்வரத்தைப் பிடிங்க, கண்ணால தாளத்தைப் பிடிங்க" என்றார், ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றும்போது.

அன்றிலிருந்து புத்தகத்தை அவர் கை தெரியும் உயரத்தில் தூக்கிப் பிடிக்கிறேன். தாளம் சரியாகிவிட்டது. தோள் வலிதான் புதுசு.