கடைசி வாங்கு நிஞ்சாக்கள்

பிக் மட்ச் கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் எங்கள் பள்ளிக்கூடத்தின் இந்த மலரில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. நான் நருட்டோ என்ற ஜப்பானியக் காட்டூன் தொடரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், அதுவும் பள்ளிக்கூடக் கதைதான்.

2005இல் இங்கே கனடாவில் வைடிவி தொலைக்காட்சியில் அது ஓடத் தொடங்கியபோது மகனுக்குத் துணையாக உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் அவன் எழும்பிப் போனாலும் நான் எழும்புவதில்லை. மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வரைந்த சித்திரக்கதை அது. தொலைக்காட்சியில் முதல் தொடர் 220 பகுதிகள், அடுத்தது 500.

நருட்டோ நிஞ்சாப் பள்ளிக்கூடத்தில் படிக்கும், ஊர் ஒதுக்கிவைத்த அநாதைப் பொடியன். சோதனையில் திரும்பத் திரும்பப் பெயில். அவனுடைய ஆசிரியர் இருக்கா மாஸ்ரர், தன்னுடைய தாய் தகப்பனைக் கொன்ற ஒன்பது வால் நரி நருட்டோவுக்குள்தான் அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தும், அவன்மேல் வரும் ஆயுதத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொள்கிறார். அதே மாஸ்ரர்தான் அவனைக் கூட்டிப்போய் ராமென் வாங்கிக் கொடுப்பவர். எங்கள் கணித மாஸ்ரரும் கடைசி வாங்குக்காரரைப் பின்னேரம் மறித்து, கன்ரீனில் பிளேன்ரீயும் வாய்ப்பனும் வாங்கித் தந்த பிறகுதான் அட்சரகணிதத்தைத் தொடங்குவார்.

நிஞ்சாக்களுக்குப் பதவி உயர்வு தரும் சூனின் சோதனையைக் கட்டாயம் பாருங்கள். எழுத்துப் பரீட்சையில் கேள்விகள் அநேகரால் செய்ய முடியாதபடி கடினம். பிடிபடாமல் கொப்பியடிக்கத் தெரிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. நருட்டோவுக்கு அதுவும் விளங்கவில்லை. பத்தாவது கேள்விக்கு மேற்பார்வையாளர் மிரட்டியும் எழும்பிப் போகாமல் இருந்ததற்காக, வெற்றுத்தாளுடன் பாஸாகிறான்! எங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு இப்படி ஒரு மேற்பார்வையாளர் வாய்க்கவில்லை. வகுப்பில் நித்திரை கொள்ளும் ஷிகமாருதான் அந்த முறை பதவி உயர்வு பெறும் ஒரே ஆள், அதுவும் சண்டையை இடையில் விட்டுக்கொடுத்துவிட்டு. தான் வெல்வதைவிடத் தன் ஆட்கள் உயிரோடு திரும்புவது முக்கியம் என்று யோசிக்கிறவனைத்தான் தலைவனாக்குகிறார்கள்.

குறையும் உண்டு. முதல் தொடரில் 135ஆம் பகுதிக்குப் பிறகு மூலக்கதையில் இல்லாத இட்டுநிரப்பல்தான் அதிகம், தயங்காமல் தாண்டுங்கள். அடுத்த தொடரில் வரும் கடைசிப் போரும் சவ்வாக இழுபடும்.

முழுவதும் பார்க்க நேரமில்லை என்றால் முதல் தொடரின் 48 முதல் 50 வரையான பகுதிகளையாவது பாருங்கள். மந்திர வித்தை எதுவும் வராத ரொக் லீ என்ற பொடியன், கால்களில் கட்டியிருந்த பாரத்தைக் கழற்றி எறிந்து சண்டை பிடிக்கிறான். கடைசியில் நினைவு தப்பியும் எழும்பி நிற்கிறான். அவனைக் கட்டிப்பிடித்து அழுகிறார் அவனுடைய மாஸ்ரர்.