இணைப்பைத் தொட்டால் செயலி திறக்கவேண்டும்: நிலாவெளியில் பட்ட பாடு

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் மாமாவுக்காக முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்கினேன். வட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொட்டால் செயலியே திறக்கவேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. செயலியில் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியைக் குறிப்பிட்டு, தளமும் செயலியும் ஒன்றுக்கொன்று உரியவை என்று ஆண்ட்ராய்டு சரிபார்க்க உதவும் அசெட்லிங்க்ஸ் கோப்பை இணையத்தளத்தில் ஏற்றிய வரையில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் இணைப்பு குரோமில்தான் திறந்தது. ஆண்ட்ராய்டு 12 முதல், சரிபார்ப்பில் தேறாத டொமைனின் இணைப்பை எதில் திறப்பது என்று போன் கேட்பதில்லை. பேசாமல் உலாவிக்கு அனுப்பிவிடுகிறது.

போனைக் கணினியில் பொருத்தி ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாகச் சரிபார்ப்பு நிலையைக் கேட்டபோது, டொமைனுக்கு எதிரே 1024 என்ற எண் மட்டும் வந்தது. சரிபார்ப்புத் தோற்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. சேர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினால், கோப்பு தங்கள் உலாவியில் திறக்கிறது, கோளாறு உங்கள் செயலியில்தான் என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. உலாவியில் திறக்கத்தான் செய்யும். அவர்களுடைய சேர்வர் எல்லாக் கோரிக்கைகளையும் மூன்று டபிள்யூ உள்ள முகவரிக்குத் திருப்பிவிட, உலாவி சளைக்காமல் பின்னால் போகும். கோப்பைச் சரிபார்க்கும் கூகுளோ அத்தகைய திருப்பலை ஏற்பதில்லை. வேறு முகவரிக்குப் போ என்று பொருள்படும், சேர்வர் தந்த 301 என்ற பதிலைப் படம் பிடித்து அனுப்பிய பின்னரே, கோப்பு இருந்த கோப்புறைக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள், அதுவும் வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரிகூட இல்லாமல். அதன் பின் மறுசரிபார்ப்புக் கட்டளையை இட்டதும் 1024 மறைந்தது.

பிளே ஸ்டோரில் வெளியிடுவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிளே ஸ்டோர் தன்னிடமுள்ள டிஜிட்டல் சாவியால் செயலிக்குக் கையொப்பமிடும்போது, நம் கணினியிலுள்ள சாவியின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீடு, மட்டும் அசெட்லிங்க்ஸ் கோப்பில் இருந்தால் போதாது. செயலி வெளியிடுவோருக்கான பிளே கொன்சோல் பக்கம் காட்டும் எஸ்எச்ஏ-256 வகைக் கைரேகையையும் முன்கூட்டியே சேர்த்திருந்ததால் அந்த அலைச்சல் எனக்கு மிச்சமானது.

ஐபோனில் வேறு விதமான பொறுமை தேவைப்பட்டது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14 முதல், இதே வேலைக்காகத் தளத்தில் வைக்கும் ஐபோனுக்கான கோப்பை ஆப்பிளின் இடைச் சேர்வரே எடுத்துவந்து தருவதால், திருத்தியது உடனே போனை எட்டாது. சோதனைக் காலத்தில் டெவலப்பர் பயன்முறையை இயக்கினால் அதைத் தாண்டலாம். இதற்கிடையில் மாமா முகவரியைச் சஃபாரியில் தட்டச்சுச் செய்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். அப்படித் தட்டச்சுச் செய்தால் செயலி ஒருபோதும் திறக்காது. இணைப்பை நோட்ஸில் ஒட்டித் தொடச் சொன்னேன், திறந்தது.